தடித்த கால் நகம் எல்லாம் பூஞ்சை அல்ல: மாத்திரைக்கு முன் பரிசோதனை அவசியம்

கால் கட்டைவிரலின் நகம் மஞ்சள் நிறமாகி, தடித்து, ஓரத்தில் பொடியாக உதிரத் தொடங்கினால், பெரும்பாலானோர் முதலில் மருந்துக் கடைக்கே செல்கின்றனர். நகச்சொத்தை என்று சொன்னதும் பூஞ்சை எதிர்ப்புக் களிம்போ, சில வாரங்களுக்கான மாத்திரையோ கையில் கிடைத்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நகம் முன்பிருந்தபடியே இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று அவர்கள் முடிவு செய்கின்றனர். பல நேரங்களில் அந்த நகத்தில் பூஞ்சையே இருந்திருக்காது.

உருக்குலைந்து காணப்படும் நகங்களில் ஏறத்தாழ பாதிக்கு மட்டுமே பூஞ்சைத் தொற்று காரணம் என்பது தோல் மருத்துவத்தில் நெடுநாளாக ஏற்கப்பட்ட கணிப்பு. மீதிப் பாதியில் செருப்பு அல்லது ஷூவின் அழுத்தம், பழைய காயம், சொரியாசிஸ், முதுமை, காலுக்குச் செல்லும் இரத்த ஓட்டக் குறைவு எனப் பல காரணங்கள் அடங்கும். வெறும் கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது அனுபவமுள்ள மருத்துவருக்கும் எளிதன்று.

தவறாகக் கணித்தால் இழப்பு இருவகைப்படும். தேவையற்ற மாத்திரையை மூன்று மாதம் விழுங்கும்போது அதன் சுமை கல்லீரலுக்குச் செல்கிறது. மறுபுறம், உண்மையான நோய் கவனிக்கப்படாமலே வளர்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கோ, தடித்த நகம் காலையே பறிக்கும் புண்ணுக்குத் தொடக்கமாகலாம்.

நகம் வளரும் விதம்

நாம் நகம் என்று அழைக்கும் கடினமான தகடு, முடியில் உள்ள அதே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதில் உயிர் இல்லை, வெட்டினால் வலிப்பதில்லை. அதை உருவாக்கும் உயிருள்ள திசு, நகத்தின் அடிப்பகுதியில் தோலுக்கு உள்ளே மறைந்திருக்கிறது. அதை நகத்தின் வேர் எனலாம். கட்டைவிரல் நகத்தில் வெண்ணிறப் பிறைபோலத் தெரிவது இந்த வேரின் முன்பகுதியே. தகட்டுக்குக் கீழே அதைத் தாங்கி நிற்பது நகப்படுகை.

கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளர்கிறது. கால் நகத்தின் வேகம் அதில் பாதி. மாதத்துக்கு ஏறத்தாழ 1.5 மி.மீ. மட்டுமே. கால் கட்டைவிரல் நகம் முழுவதுமாகப் புதுப்பிக்கப்பட 12 முதல் 18 மாதங்கள் ஆகும். முதுமையிலும், இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இதைவிட அதிக காலம் பிடிக்கும். நகச் சிகிச்சையில் எழும் ஏமாற்றங்களில் பெரும்பகுதி இந்தக் கணக்கை அறியாததால் வருவதே. இன்று கிருமி முற்றிலும் ஒழிந்தாலும், பழுதான பகுதி வளர்ந்து நுனியை அடைந்து வெட்டப்படும் வரை நகம் பார்வைக்கு நோயுற்றதாகவே இருக்கும்.

தடிப்பும் இரு விதமாக நேர்கிறது. வேர் பாதிக்கப்பட்டால் தகடே கனமாக வளர்கிறது. நகப்படுகை பாதிக்கப்பட்டால் தகட்டுக்கு அடியில் செதில் செதிலான கழிவு சேர்ந்து, நகத்தை மேல்நோக்கித் தூக்குகிறது. தடித்த நகத்தின் முன்விளிம்பை உற்றுப் பார்த்தால் பல நேரங்களில் இந்த வேறுபாடு தெரியும்.

பூஞ்சை எங்கிருந்து வருகிறது

கால் நகப் பூஞ்சைத் தொற்றுக்கு உலகெங்கும் முதன்மைக் காரணமாக இருப்பது டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம் என்ற பூஞ்சை. இதை 1910-ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தவர் இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி. அப்போது அவர் கொழும்பில் வெப்பமண்டல நோய்கள் குறித்துப் பணியாற்றி வந்தார். ஆசியாவின் வெப்பப் பகுதிகளிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் உடல் தோலில் படர்தாமரையாக இருந்துவந்த இந்தப் பூஞ்சை, மக்கள் இடம்பெயர்ந்தபோதும் போர்களின்போதும் மற்ற கண்டங்களுக்குப் பரவியது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வெறுங்காலில் நடந்தவர்களைவிட, நாள் முழுவதும் மூடிய காலணி அணிந்தவர்களின் பாதம் அதற்கு வசதியான இடமாயிற்று. காலணிக்குள் இருக்கும் வெப்பமும் வியர்வையும் வெப்பமண்டலச் சூழலை அப்படியே தருகின்றன.

தொற்று பெரும்பாலும் நகத்தில் தொடங்குவதில்லை. கால் விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண், அல்லது உள்ளங்காலில் மாவு தூவியதுபோல வறண்டு உரியும் தோல் ஆகியவையே முதல் கட்டம். அரிப்பு குறைந்ததும் மருந்தை நிறுத்திவிடுவதால், பூஞ்சை அங்கிருந்து நகத்தின் முன்விளிம்புக்கோ பக்கவாட்டுக்கோ நுழைகிறது. பிறகு மெதுவாக வேரை நோக்கி நகர்கிறது. இதனால்தான் பூஞ்சையால் பழுதான நகத்தில் முன்பகுதி மஞ்சளாகவும் உதிர்வதாகவும், வேர்ப்பகுதி ஓரளவு சீராகவும் இருப்பதைக் காண்கிறோம். பொதுவாக ஒரு காலிலோ இரு கால்களிலோ சில நகங்கள் மட்டும் பாதிக்கப்படும். பத்து நகங்களும் ஒரே சீராகத் தடிப்பது அபூர்வம். இரண்டு பாதங்களிலும் ஒரு உள்ளங்கையிலும் மட்டும் தோல் உரிவது இந்தத் தொற்றுக்கே உரிய விசித்திரமான அடையாளம்.

பூட்ஸ் அணிந்து பணியாற்றும் சுரங்கத் தொழிலாளர்கள், காவலர்கள், படைவீரர்கள், மழைக்காலத்தில் ஈரக் காலணியோடு நாள் முழுவதும் நிற்கும் துப்புரவுப் பணியாளர்கள், சேற்று வயலில் நிற்போர், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கு இந்தத் தொற்று வரும் வாய்ப்பு அதிகம். சிறுவர்களுக்குக் குறைவு. வயது கூடக்கூட எண்ணிக்கையும் ஏறுகிறது.

பூஞ்சைபோல் தோன்றும் மற்றவை

மிகச் சாதாரணமான காரணம் அழுத்தம். முனை குறுகிய காலணி, ஓட்டப் பயிற்சி, கால்பந்து, ஒரு முறை மாடு மிதித்தது, கல்லில் இடித்துக்கொண்டது, இரும்புக் கதவு விழுந்தது ஆகிய எதுவும் நகவேரைச் சேதப்படுத்தலாம். வேரில் தழும்பு விழுந்துவிட்டால் நகம் வாழ்நாள் முழுவதும் தடித்தோ, வளைந்தோ, பிளந்தோதான் வளரும். இதற்கு எந்த மாத்திரையும் பயன்படாது. சுண்டுவிரல் நகம் மட்டும் தடித்துப் பிளந்திருந்தால் காரணம் பெரும்பாலும் காலணியின் உரசலே. கட்டைவிரல் நகம் மட்டும் பாதிக்கப்பட்டு, விரல் இடுக்கும் உள்ளங்காலும் சுத்தமாக இருந்தால், பழைய காயம் ஏதேனும் உண்டா என்று நினைவுபடுத்திப் பார்ப்பது நல்லது. பத்தாண்டுக்கு முன் நடந்ததை நாம் மறந்திருப்போம், நகம் மறப்பதில்லை.

சொரியாசிஸ் அடுத்தது. இதில் நகம் தடிப்பதும், படுகையிலிருந்து பிரிவதும், அடியில் கழிவு சேர்வதும் பூஞ்சையைப் போலவே இருக்கும். வேறுபாட்டைக் கைநகங்களில் தேட வேண்டும். ஊசியால் குத்தியதுபோன்ற நுண்குழிகள், நகத்துக்கு அடியில் எண்ணெய்த் துளி விழுந்ததுபோன்ற செம்மஞ்சள் நிறப் புள்ளி ஆகியவை இருந்தால் சொரியாசிஸ் என ஐயப்படலாம். தலையில் செதில், முழங்கை, முழங்காலில் தடிப்பு, காலையில் விரல் மூட்டு விறைத்துக்கொள்வது ஆகியவை அதை உறுதிப்படுத்தும். நகத்தில் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டழற்சி வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், நகச்சொத்தை என்று ஒதுக்கிவிட்டால் மூட்டுகளைக் காக்கும் வாய்ப்பும் நழுவுகிறது. சிலருக்குச் சொரியாசிஸும் பூஞ்சையும் ஒரே நகத்தில் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

நகத்தைச் சுற்றியுள்ள தோல் சிவந்து வீங்கி, தொட்டால் உயிர்போகும்படி வலித்தால் அது நகச்சுற்று. நகச்சொத்தைக்கும் அதற்கும் சிகிச்சை வேறு. நகச்சுற்று பெரும்பாலும் பாக்டீரியாவால் சில நாட்களிலேயே வருவது. சீழ் கட்டினால் மருத்துவர் கீறி வெளியேற்ற வேண்டும். கால் விரலில் மெட்டி அணிந்திருப்போர் வீக்கம் முற்றுவதற்குள் அதைக் கழற்றிவிட வேண்டும்.

நகத்துக்கு அடியில் பச்சை நிறம் தெரிந்தால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியேறியிருக்கலாம். மருதாணி தொடர்ந்து இடுவோருக்கு நகம் செம்பழுப்பாக இருப்பது இயல்பு, அது நோயன்று. ஆனால் அந்த நிறம் அடியில் உள்ள மாற்றத்தை மறைத்துவிடும்.

கருமை தெரிந்தால்

கால் நகத்துக்கு அடியில் கருமை தோன்றினால், அடிபட்ட இரத்தக்கட்டு என்றே முதலில் நினைப்போம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். இரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னோக்கி நகரும். சில மாதங்களில் அதன் பின்னால் தெளிந்த நகம் தெரியும். அப்படி நகராமல், வேரிலிருந்து நுனிவரை கருப்புக் கோடாக நின்று, அகன்றுகொண்டே போய், நகத்தை ஒட்டிய தோலுக்கும் கருமை பரவினால் காலம் தாழ்த்தக் கூடாது. மெலனோமா என்னும் புற்றுநோய் நகத்துக்கு அடியிலும் தோன்றும்.

ஜமைக்கா இசைக் கலைஞர் பாப் மார்லியின் கால் கட்டைவிரலில் இருந்த காயம் கால்பந்து விளையாடியதால் வந்தது என்றே முதலில் கருதப்பட்டது. 1977-இல் அது நகத்துக்கு அடியில் தோன்றிய மெலனோமா எனக் கண்டறியப்பட்டது. 1981-இல் 36 வயதில் அவர் இறந்தார். கருமை நிறத்தோர் நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இயல்பாகவே தோன்றுவதுண்டு. பல நகங்களில் ஒரே அளவில் இருக்கும் கோடுகள் பெரும்பாலும் தீங்கற்றவை. ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி மாறிக்கொண்டே இருக்கும் கோட்டைத்தான் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பரிசோதனை எப்படி நடக்கிறது

நகப் பரிசோதனைக்கு ஊசியும் இரத்தமும் தேவையில்லை. நகத்தின் பழுதான பகுதியை வெட்டி, அடியில் உள்ள பொடியைச் சுரண்டி எடுக்கின்றனர். அந்தத் துகள்களைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் கெரட்டின் கரைந்து, நுண்ணோக்கியில் பூஞ்சையின் இழைகள் தெரியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் மருத்துவப் பிரிவுகளில் வழக்கமாகச் செய்யப்படும் சோதனை இது.

எந்த வகைப் பூஞ்சை என்று அறிய வேண்டுமானால் அதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். இதற்கு நான்கு வாரம் வரை ஆகலாம். வெப்ப நாடுகளில் ஃபியூசேரியம், அஸ்பெர்ஜில்லஸ் போன்ற வேறு பூஞ்சைகளும் நகத்தைத் தாக்குவதுண்டு. வழக்கமான மாத்திரைக்கு அவை எளிதில் கட்டுப்படுவதில்லை. எனவே ஒரு முறை சிகிச்சை தோற்றவர்களுக்கு இந்த வளர்ப்புச் சோதனை முக்கியமாகிறது. வெட்டிய நகத்துண்டைத் திசு ஆய்வுக்கு அனுப்பிச் சாயமேற்றிப் பார்க்கும் முறையும், பூஞ்சையின் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். முறையும் உள்ளன.

சோதனையின் முடிவு சரியாக அமைய நோயாளியின் ஒத்துழைப்பும் வேண்டும். ஏற்கெனவே பூஞ்சை மருந்து பூசிக்கொண்டிருந்தால் உயிருள்ள கிருமி அகப்படாது. எத்தனை வாரம் முன்னதாக நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நகப்பூச்சை அகற்றிவிட வேண்டும். முதல் நாளே நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுச் செல்வது பலர் செய்யும் பிழை. நுனியில் உள்ள பொடியில் இறந்த பூஞ்சையே அதிகம். நோயுற்ற பகுதியும் நல்ல பகுதியும் சந்திக்கும் இடத்தில்தான் உயிருள்ளது இருக்கும். அங்கிருந்து மாதிரி எடுக்காவிட்டால், பூஞ்சை இருந்தும் இல்லை என்ற முடிவு வரக்கூடும். ஐயம் வலுவாக இருந்தால் மருத்துவர் சோதனையை மீண்டும் செய்யச் சொல்வது அதனால்தான்.

மாத்திரையும் பூச்சும்

பூஞ்சை உறுதியானால், நகத்தின் பாதிக்கு மேல் அல்லது வேர் வரை நோய் பரவியிருந்தால் மாத்திரையே முதன்மைச் சிகிச்சை. இன்று முதல் தேர்வாக இருப்பது டெர்பினாஃபின். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 250 மி.கி. வீதம், கால் நகத்துக்கு 12 வாரம், கைநகத்துக்கு 6 வாரம் என்பது வழக்கமான அளவு. மற்றொன்று இட்ராகோனசோல். அதை 12 வாரம் தொடர்ந்து தருவதும், மாதத்தில் ஒரு வாரம் மட்டும் தந்து மூன்று வாரம் இடைவெளி விடுவதும் என இரு முறைகள் உள்ளன. பழைய மருந்தான கிரைசியோஃபுல்வின் கால் நகத்துக்கு ஓராண்டுக்கு மேலும் தேவைப்பட்டதால் இப்போது பெரிதும் கைவிடப்பட்டுள்ளது.

இவை மருத்துவர் சீட்டின்றி வாங்கி உண்ணத் தக்கவை அல்ல. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு டெர்பினாஃபின் தரப்படுவதில்லை. தொடங்கும் முன் கல்லீரல் செயல்பாட்டுக்கான இரத்தப் பரிசோதனை தேவை. பசியின்மை, கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, நாக்கில் சுவை தெரியாமல் போவது ஆகியவற்றில் எது தோன்றினாலும் மாத்திரையை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடும் கல்லீரல் பாதிப்பு அபூர்வமே. ஆயினும் உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நகத்துக்காக அந்த அபூர்வத்தையும் நாமே விலைகொடுத்து வாங்கக் கூடாது.

இட்ராகோனசோலுக்கு வேறு எச்சரிக்கைகள் உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் நகத்துக்காக இதை உண்ணக் கூடாது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் போன்ற மாத்திரைகளோடு சேர்ந்தால் தசைகள் பாதிக்கப்படலாம். நம் நாட்டில் பலர் காலையில் எழுந்ததும் வழக்கமாக விழுங்கும் வயிற்று அமில மாத்திரை, இட்ராகோனசோல் உடலில் சேருவதையே குறைத்துவிடும். முழு விலை கொடுத்தும் பாதி மருந்துதான் வேலை செய்யும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நகச் சிகிச்சைக்கான மாத்திரையைத் தள்ளிவைப்பதே வழக்கம். என்னென்ன மருந்து உண்கிறோம் என்பதைச் சொல்ல மறந்தால், மருந்து அட்டைகளையே கையோடு எடுத்துச் செல்வது நல்லது.

நோய் நுனியில் மட்டும் இருந்தாலோ, மாத்திரை உண்ண இயலாவிட்டாலோ நகத்தின்மேல் பூசும் மருந்துகள் உள்ளன. அமோரோல்ஃபின் 5 சதவீத நகப்பூச்சை வாரம் ஒருமுறை அல்லது இருமுறையும், சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதப் பூச்சை நாள்தோறும் இட வேண்டும். கால் நகத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு விடாமல் பூச வேண்டியிருக்கும். சாதாரணத் தோல் களிம்பு கெட்டியான தகட்டை ஊடுருவுவதில்லை. அதை நகத்தின்மேல் தேய்ப்பதால் பயன் மிகக் குறைவு.

பலன் எவ்வளவு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மருந்து அனுமதிக்காக நடந்த ஆய்வுகளில், டெர்பினாஃபின் உண்டவர்களில் சுமார் 70 சதவீதத்தினரின் நகத்திலிருந்து பூஞ்சை நீங்கியது. ஆனால் பூஞ்சை நீங்கி, நகமும் முழுமையாகப் பழைய தோற்றம் பெற்றவர்கள் 38 சதவீதத்தினர் மட்டுமே. சைக்ளோபிராக்ஸ் பூச்சை மட்டும் பயன்படுத்தியவர்களில் அத்தகைய முழுக் குணம் 10 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. லேசர் சிகிச்சைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அளித்துள்ள அனுமதி, நகத்தின் தெளிவான பகுதி தற்காலிகமாகக் கூடும் என்ற அளவிலேயே உள்ளது. ஒரே அமர்வில் நிரந்தரக் குணம் என்ற விளம்பரங்களை இந்த வரியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தடிப்பைக் குறைப்பதும் சிகிச்சையின் பகுதியே. 40 சதவீத யூரியா களிம்பை நகத்தின்மேல் மட்டும் தடவி, சுற்றியுள்ள தோலைக் காத்து, மூடிக் கட்டினால் சில நாட்களில் தகடு மிருதுவாகும். பின்னர் அதைச் சுரண்டி எடுக்கலாம். பூஞ்சை எதுவும் இல்லாமல் காயத்தால் தடித்த நகத்துக்கும் இது ஆறுதல் தரும். நகத்தை முழுதாகப் பிடுங்கும் அறுவை சிகிச்சை இப்போது வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. வேர் பழுதாக இருக்கும்வரை மீண்டும் முளைப்பதும் பழுதான நகமே.

மாத்திரை பலன் தருகிறதா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சிகிச்சை தொடங்கும் நாளில், பழுதான பகுதியும் நல்ல பகுதியும் சந்திக்கும் எல்லையில் அரத்தால் மெல்லிய கோடு ஒன்றை மருத்துவர் இடுவார். நகம் வளரும்போது கோடு முன்னே நகரும். பழுது கோட்டுக்கு முன்னாலேயே நின்றால் மருந்து வேலை செய்கிறது. கோட்டைத் தாண்டிப் பின்னே வந்தால் செய்யவில்லை. மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுத்து வைத்தாலும் போதும். டெர்பினாஃபின் நகத்தில் தங்கி, நிறுத்திய பிறகும் பல மாதம் செயல்படுவதால், 12 வாரம் முடிந்தவுடன் நகம் தெளியவில்லையே என்று தாமாகவே மாத்திரையை நீட்டிக்கக் கூடாது.

இந்தியாவுக்கே உரிய சிக்கல்

கடந்த பத்தாண்டுக்கும் மேலாக இந்தியத் தோல் மருத்துவர்களை வாட்டிவருவது, டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாத படர்தாமரை. இதற்குக் காரணமான பூஞ்சைக்கு 2020-இல் டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே எனப் பெயரிடப்பட்டது. பெயரிலேயே இந்தியா இருக்கிறது. இடுப்பிலும் தொடையிலும் உடலிலும் பரவும் இது நகத்தை அரிதாகவே தாக்குகிறது. இந்தச் சிக்கல் வளர்ந்ததற்கு, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் ஒன்றாகக் கலந்த களிம்புகளை மக்கள் தாமே வாங்கிப் பூசியதும் ஒரு காரணம் என மருத்துவர்கள் கருதுகின்றனர். ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும். பூஞ்சையோ உள்ளே வளரும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

நகச்சொத்தையோடு உடலில் படர்தாமரையும் இருந்தால், முன்பு பூசிய களிம்பின் பெயரை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த மாத்திரையைத் தேர்வது என்பது அதைப் பொறுத்தே அமையும்.

சர்க்கரை நோயாளியின் நகம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இவர்களுக்கு நகப் பூஞ்சை வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம்.

தடித்த நகம் காலணியின் மேற்பகுதியில் முட்டி, அடியில் உள்ள நகப்படுகையை நாள் முழுவதும் அழுத்துகிறது. மற்றவர்களுக்கு அது வலிக்கும். அவர்கள் காலணியை மாற்றுவர், நகத்தை வெட்டுவர். உணர்விழந்த பாதத்துக்கு வலி என்னும் எச்சரிக்கையே இல்லை. நகத்துக்கு அடியில் புண் உண்டாகி, சீழ் பிடித்து, எலும்பை எட்டிய பிறகே காலுறையில் ஈரம் படிவதையோ துர்நாற்றத்தையோ வீட்டார் கவனிக்கின்றனர். விரலை அகற்றும் நிலை வரை சென்ற பலரின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. கூரிய நகமுனை பக்கத்து விரலைக் கீறுவதும், பிளேடால் தடிப்பைச் செதுக்கும்போது தெரியாமலே தசையை வெட்டிவிடுவதும் வேறு இரு வழிகள்.

வலி இன்மையே உறுப்பை அழிக்கிறது என்ற உண்மையை மருத்துவ உலகுக்கு உணர்த்தியதில் வேலூருக்குப் பங்குண்டு. அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்றும், உணர்வற்ற உறுப்பு காயத்தை உணராததே சிதைவுக்குக் காரணம் என்றும் நிறுவினார். தொழுநோயாளிகளுக்காகப் பயன்பாட்டுக்கு வந்த மிருதுவான நுண்ணறை ரப்பர் செருப்புகள், பின்னர் சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்பட்டன. எம்.சி.ஆர். செருப்பு என்று கடைகளில் கேட்டு வாங்குவது அதுவே.

சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வை அறிவதும், காலின் நாடித் துடிப்பைப் பார்ப்பதும் இதில் அடங்கும். உணர்வு குறைந்தவர்கள் தடித்த நகத்தைத் தாமே வெட்ட முயலக் கூடாது. வெந்நீரில் காலை ஊறவைப்பதும் கூடாது. சூடு தெரியாமல் பாதம் வெந்துபோகும். வெயிலில் கொதிக்கும் கோயில் பிரகாரத்தை வெறுங்காலுடன் சுற்றிக் கொப்புளத்தோடு மருத்துவமனைக்கு வருவோர் கோடையில் வழக்கமாகக் காணப்படுபவர்கள். நகத்தைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், கசிவு, துர்நாற்றம், விரல் நீலம் பாரிப்பது அல்லது கருப்பது, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவரை அணுக வேண்டும். வலிக்கவில்லை என்பது இவர்களுக்கு நற்செய்தி அன்று.

குனிய முடியாத வயதில்

எழுபதைக் கடந்தவர்களின் கட்டைவிரல் நகம் சில வேளைகளில் ஆட்டுக்கடாவின் கொம்புபோல் கனத்து, ஒரு பக்கமாகச் சுருண்டு வளரும். பழைய காயமும் இரத்த ஓட்டக் குறைவும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் முக்கியக் காரணம், நீண்ட நாள் வெட்டப்படாமல் இருப்பதே. முதுகு வளையாது, முழங்கால் மடங்காது, கண் சரியாகத் தெரியாது. மற்றொருவர் காலடியில் அமர்ந்து நகம் வெட்டிவிட வேண்டும் என்று கேட்கப் பல முதியவர்கள் கூச்சப்படுகின்றனர். முன்பு ஊர்களில் வீட்டுக்கு வந்து முடிதிருத்துபவரே நகத்தையும் வெட்டிவிடுவார். அந்த வழக்கம் மறைந்தபின் அந்த இடம் வெறுமையாகவே உள்ளது. பாத மருத்துவத்துக்கெனத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் இந்தியாவில் மிகச் சிலரே. பெரிய நகரங்களின் நீரிழிவு மையங்களைத் தாண்டினால் அவர்களைக் காண்பது அரிது.

சர்க்கரை நோயும் இரத்த ஓட்டக் குறைவும் இல்லாத முதியவருக்கு வீட்டார் உதவலாம். குளித்தபின் அல்லது இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் ஊறியபின் நகம் இளகியிருக்கும். சிறிய நகவெட்டி தடித்த நகத்தைப் பிளந்துவிடும். இடுக்கி வடிவப் பெரிய நகவெட்டியே ஏற்றது. ஒரே வெட்டாக அன்றி, ஓரத்திலிருந்து சிறு சிறு துண்டாக, நேர்கோட்டில் வெட்ட வேண்டும். மூலைகளை ஆழமாகத் தோண்டினால் நகம் சதைக்குள் குத்தி வளரும். மேல் தடிப்பை அரத்தால் ஒரே திசையில் தேய்த்துக் குறைக்கலாம். கொம்புபோல் முற்றிவிட்ட நகத்தை வீட்டில் தொடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே பாதுகாப்பு.

வீட்டு வைத்தியமும் அழகு நிலையமும்

வினிகர், தேயிலை மர எண்ணெய், பூண்டு, மஞ்சள் என்று இணையத்தில் பரிந்துரைகள் ஏராளம். ஆய்வகத் தட்டில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள்கள் பல உண்டு. தடித்த தகட்டைத் துளைத்து அடியில் உள்ள பூஞ்சையை அடைவதே கடினம். இவற்றில் எதுவும் மாத்திரைக்கு ஈடாக நிறுவப்படவில்லை. மிதமாகப் பயன்படுத்தினால் பெரும் கேடில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், மின்கல அமிலம் போன்றவை தோலை வேகவைத்துவிடும்.

அழகு நிலையங்களில் பாதப் பராமரிப்புக்குச் செல்வோர் கருவிகள் ஒவ்வொருவருக்கும் கிருமி நீக்கப்படுகின்றனவா என்று கேட்கத் தயங்க வேண்டாம். சொந்தக் கருவியைக் கொண்டுசெல்வது மேலும் நல்லது. நகத்தின் அடியில் உள்ள மெல்லிய தோல்விளிம்பை வெட்டவோ பின்னே தள்ளவோ அனுமதிக்கக் கூடாது. கிருமி வேருக்குள் நுழையாமல் காக்கும் முத்திரை அது. பழுதான நகத்தை அடர்ந்த நகப்பூச்சால் மாதக்கணக்கில் மூடி வைத்தால், அடியில் நடப்பது யாருக்கும் தெரியாது.

குணமான பின்

பூஞ்சை நீங்கியவர்களிலும் கணிசமானோருக்கு அது திரும்புகிறது. ஐந்தில் ஒருவருக்கு மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பழைய ஷூவுக்குள் பூஞ்சையின் வித்துகள் பல மாதம் உயிரோடிருக்கும். வீட்டில் மற்றொருவரின் காலில் சேற்றுப்புண் ஆறாமல் இருக்கும். எனவே நகம் குணமாவதற்குள்ளேயே இவற்றைக் கவனித்தாக வேண்டும்.

ஒரே ஷூவை நாள்தோறும் அணியாமல் இரண்டை மாற்றி மாற்றி அணிந்தால் ஒவ்வொன்றும் ஒரு நாள் முழுவதும் உலரும். பருத்திக் காலுறையைத் தினமும் மாற்றி, வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். குளித்தபின் விரல் இடுக்குகளைத் தனித் துணியால் துடைப்பது சிறிய வேலை; சேற்றுப்புண்ணைத் தடுப்பதில் அதன் பயன் பெரிது. மழைக்காலத்தில் வீடு திரும்பியதும் நனைந்த காலணியைக் கழற்றிப் பாதத்தைக் காற்றாட விட வேண்டும். நகவெட்டியைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் பழக்கத்தை, ஒருவருக்கு நகச்சொத்தை இருக்கும்வரையாவது நிறுத்திவைக்க வேண்டும். விரல் இடுக்கில் மீண்டும் அரிப்போ உரிதலோ தோன்றினால், மருத்துவர் கூறிய பூஞ்சைக் களிம்பை அரிப்பு அடங்கிய பிறகும் அவர் குறித்த நாள் வரை பூச வேண்டும். காலணி வாங்குவதற்கு மாலை நேரமே ஏற்றது. பகல் முழுவதும் நடந்ததில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போது பொருந்தும் காலணியே கட்டைவிரல் நகத்தை நாள் முழுவதும் இடிக்காமல் இருக்கும்.